நீலப்புள்ளி நின்றுபோகும் இடம்

சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் கைபேசியைப் பார்த்தபடி இறங்கியவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். தெருவில் நடந்தவரை கூடவே நகர்ந்து வந்த நீலப்புள்ளி பத்துப் பதினைந்து படி இறங்கியதும் தயங்கும். அதைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் விரியும். ‘இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள்’ என்று அதற்குப் பொருள். கடைசியில் புள்ளி நாம் நுழைந்த வாசலிலேயே நின்றுவிட, நாம் மட்டும் கீழே போய்க்கொண்டிருப்போம்.

கைபேசியில் கோளாறு எதுவும் இல்லை. அது கேட்டுக்கொண்டிருந்த குரல் மண்ணுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் கடிகாரம் காட்டும் நேரத்தை ஓயாமல் ஒலிபரப்புகிறது. அந்தச் செய்தி நம்மை வந்தடைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். நான்கு செயற்கைக்கோள்களின் செய்திகள் எவ்வளவு தாமதமாக வந்தன என்று ஒப்பிட்டுக் கைபேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் அவ்வளவு தூரம் கடந்து வந்த பிறகு அந்த அலையில் மிஞ்சும் ஆற்றல் ஒரு வாட்டில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவே. இலைகள் அடர்ந்த மரத்தடியிலேயே திணறும் அலை, கான்கிரீட்டையும் களிமண்ணையும் துளைத்து லண்டனின் ஹேம்ப்ஸ்டெட் நிலையத்தைப் போல 58 மீட்டர் ஆழத்துக்கு வருவது நடக்காத காரியம்.

கண் தெரிந்தவருக்கு இது பெரிய இழப்பில்லை. கீழே இறங்கியதும் அவர் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பார். அம்புக்குறி, நிறம், எண், வாசல் பெயர் என்று ஒரு நிலையத்தின் அறிவு முழுவதும் சுவரிலும் கூரையிலும் எழுதித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்க முடியாதவருக்குத்தான் நீலப்புள்ளி நிற்கும் இடத்தில் நகரமும் நின்றுவிடுகிறது. சுரங்க நிலையத்தில் வழிகாட்டும் செயலி என்ற எண்ணமே அவர்களிடமிருந்துதான் வலுப்பெற்றது. இந்தத் துறையின் சிறந்த சிந்தனையும் அவர்களோடு வேலை செய்தபோதுதான் பிறந்தது.

லண்டனில் பார்வையற்ற இளைஞர்களுக்காக இயங்கிய ஒரு பழைய அறக்கட்டளை, பார்வையற்றோருக்கான ராயல் லண்டன் சங்கம். துணை இல்லாமல், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லி வைக்காமல், நினைத்த நேரத்தில் ரயிலேறிப் போக வேண்டும் என்பது அங்கிருந்த இளைஞர்களின் கோரிக்கை. அஸ்டூ என்ற வடிவமைப்பு நிறுவனம் அவர்களோடு சேர்ந்துகொண்டது. 2015ஆம் ஆண்டு விக்டோரியா பாதையில் உள்ள பிம்லிகோ நிலையத்தில் முதல் சோதனை நடந்தது. ‘வேஃபைண்டர்’ என்று அந்த முயற்சிக்குப் பெயர்.

பிம்லிகோ 1972இல் திறக்கப்பட்ட நிலையம். விக்டோரியா பாதையில் வேறெந்த ரயில் பாதையோடும் சந்திக்காத நிலையம் அது ஒன்றுதான். வாசல், டிக்கெட் மண்டபம், தானியங்கித் தடுப்புக் கதவுகள், நகரும் படிக்கட்டு, நடைமேடை என்று மாலையில் கோத்த மணிபோல ஒன்றன்பின் ஒன்றாக வரும். புதிய கருவியைச் சோதிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. அதன்பின் யூஸ்டன் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே சுரங்கப் பாதைகளும் மேலே உள்ள பெரிய ரயில் நிலையமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

பிம்லிகோவின் சுவர்களிலும் கூரையிலும் பொருத்தியவை ப்ளூடூத் பீக்கன்கள். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, அதற்குள் ஒரு சிறு சில்லு, ஒரு பேட்டரி. பெயருக்கேற்ப அது ஒரு குட்டிக் கலங்கரை விளக்கம். கலங்கரை விளக்கம் எந்தக் கப்பலையும் பார்ப்பதில்லை. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். பீக்கனும் ஒரு நொடிக்குள் பலமுறை தன் அடையாள எண்ணை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். 2010இல் வந்த ப்ளூடூத் 4.0 தரம் மின்சாரத்தை மிகக் குறைவாகச் செலவழிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதனால்தான் ஒரு சிறு பேட்டரியில் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட இது ஓடும். 2013இல் ஆப்பிள் நிறுவனம் ‘ஐபீக்கன்’ என்ற ஒழுங்கை அறிவித்த பிறகு, கடைகளிலும் அருங்காட்சியகங்களிலும் இவை பரவின.

பீக்கன் எங்கே இருக்கிறது என்பது செயலிக்குத் தெரியும். நாம் அதிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதை அலையின் பலத்தை வைத்து ஊகிக்க வேண்டும். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. தடையில்லாத வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் அலையின் பலம் கால் பங்காகும், அதாவது 6 டெசிபெல் குறையும். 1 மீட்டரில் மைனஸ் 59 என்று அளவு காட்டினால் 2 மீட்டரில் மைனஸ் 65, 4 மீட்டரில் மைனஸ் 71, 8 மீட்டரில் மைனஸ் 77, 16 மீட்டரில் மைனஸ் 83. முதல் 6 டெசிபெல் ஒரே மீட்டருக்குள் கரைந்துபோனது. கடைசி 6 டெசிபெல்லுக்கோ 8 மீட்டர் நடக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருக்கும்போது பீக்கன் துல்லியமாகப் பேசும். தூரம் போகப் போக அதன் பேச்சு மங்கலாகும்.

இந்தக் கணக்கு வெட்டவெளிக்குத்தான் பொருந்தும். நிலையம் வெட்டவெளி இல்லை. ப்ளூடூத் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். வளைந்த சுவர், உலோகத் தகடு, ரயில் பெட்டி என்று எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் ஒரே நேரத்தில் வந்து சேரும். அந்த அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், ஒரு சாண் தள்ளினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதோடு கூட்டம் வேறு. மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கும். நமக்கும் பீக்கனுக்கும் நடுவே ஒருவர் வந்து நின்று 10 டெசிபெல் குறைந்துவிட்டது என்று வையுங்கள். 4 மீட்டர் தள்ளியிருக்கும் பீக்கன் 12 மீட்டருக்கு அப்பால் இருப்பதாகச் செயலி நம்பிவிடும். காலை 6 மணிக்குச் சரியாக வழி சொன்ன செயலி 9 மணிக்குத் தடுமாறுவதற்கு இதுவே காரணம். அதனால்தான் பீக்கன்களை ஆட்களின் தலைக்கு மேலே உயரத்தில் பொருத்தச் சொல்கிறார்கள்.

ரேடியோ ஏமாற்றினால் கைபேசிக்கு வேறு புலன்கள் இல்லையா? இருக்கின்றன. முடுக்கமானி நம் நடையின் குலுக்கலை உணர்ந்து அடிகளை எண்ணும். ஜைராஸ்கோப் நாம் எவ்வளவு திரும்பினோம் என்று சொல்லும். காந்தமானி திசைகாட்டி. அழுத்தமானி காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கும். கடல்மட்டத்துக்கு அருகே ஒரு மீட்டர் ஏறினால் சுமார் 12 பாஸ்கல் குறையும், அந்தச் சிறு வேறுபாட்டையும் இன்றைய கைபேசிகள் அறியும். பழைய மாலுமிகள் நட்சத்திரம் தெரியாத இரவில் வேகத்தையும் திசையையும் கூட்டிக் கூட்டிக் கப்பலின் இடத்தைக் குறித்துக்கொண்டு போனார்களே, அதே உத்தி.

ஆனால் சுரங்க நிலையம் இந்தப் புலன்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை வைக்கிறது. திசையில் 10 பாகை பிசகினால் 50 மீட்டர் நடப்பதற்குள் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் விலகிப்போவோம். 9 மீட்டர் என்றால் தவறான நடைமேடை. காந்தமானியோ எஃகுத் தூண்களையும் தண்டவாளத்தில் பாயும் மின்னோட்டத்தையும் வடதிசை என்று எண்ணி மயங்கும். லண்டன் சுரங்க ரயில் நேர்மின்னோட்டத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு ரயில் கிளம்பும்போதும் அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் மாறும். அழுத்தமானிக்கு வருகிற தொல்லையை நடைமேடையில் நின்ற எல்லோரும் முகத்தில் உணர்ந்திருப்போம். குழாய்க்குள் பிஸ்டன்போல ரயில் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தத் தள்ளலில் அழுத்தம் மாற, நின்ற இடத்திலேயே நிற்பவரை மேலே ஏறினார், கீழே இறங்கினார் என்று கருவி நினைத்துக்கொள்ளும். நகரும் படிக்கட்டில் ஒருவர் அசையாமல் நின்றால் அடி எண்ணும் கருவிக்கு அவர் நடக்கவில்லை; ஆனால் அவர் போய்க்கொண்டிருக்கிறார்.

பொய் சொல்லக்கூடிய பல சாட்சிகளை வைத்துக்கொண்டு உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கான கணித வழிகளில் என்னை மிகவும் கவர்ந்தது துகள் வடிகட்டி என்ற முறை. நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள் என்றால், செயலி உங்களைப்போல ஆயிரம் நிழல் மனிதர்களை வாசலில் நிறுத்துகிறது. நீங்கள் ஓர் அடி வைத்தால் அந்த ஆயிரம் பேரும் ஓர் அடி வைப்பார்கள். ஆனால் ஒருவர் கொஞ்சம் நீளமாக, ஒருவர் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, இன்னொருவர் வலப்பக்கம் சாய்ந்து. கருவிகளின் பிழை எவ்வளவு இருக்கக்கூடுமோ அவ்வளவுக்கு அவர்கள் சிதறிப் பரவுவார்கள். யாராவது சுவருக்குள் நுழைந்தால் அவர் அந்தக் கணமே நீக்கப்படுவார், ஏனென்றால் நீங்கள் சுவருக்குள் நுழைந்திருக்க முடியாது. ‘இந்த இடத்தில் நின்றால் மூன்றாம் பீக்கன் இவ்வளவு பலமாகக் கேட்க வேண்டும்’ என்ற கணக்கோடு ஒத்துப்போகாதவர்கள் மெலிவார்கள், ஒத்துப்போகிறவர்கள் பெருகுவார்கள். இப்படி ஒவ்வொரு அடியிலும் பிறப்பும் இறப்பும் நடக்கும். நீங்கள் ஒரு மூலையில் திரும்பியதும் பாருங்கள்: அந்த மூலைக்கு முன்னதாகவோ பின்னதாகவோ திரும்பிய நிழல்கள் எல்லாம் சுவரில் மோதி மறைய, சரியான இடத்தில் திரும்பிய சிலரே மிஞ்சுவார்கள். பார்வையைத் தடுக்கும் சுவரே இங்கே அளவுகோலாகிவிடுகிறது. நீண்ட நேரான நடைபாதையில் குழம்பும் செயலி, வளைவும் திருப்பமும் உள்ள இடத்தில் தெளிவடைவது இதனால்தான்.

காந்தப்புலத்தையும் இதே போலத் திருப்பிப்போட்டவர்கள் உண்டு. எஃகு இருக்கும் கட்டடத்தில் வடதிசை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாகக் கோணும். அந்தக் கோணலை முன்கூட்டியே நடந்து அளந்து வைத்துக்கொண்டால், அதுவே அந்த இடத்தின் கைரேகை. பின்லாந்தின் இண்டோர்அட்லஸ் நிறுவனம் இந்த வழியில் போனது.

சுவரில் மோதிய நிழலை நீக்க வேண்டுமென்றால் சுவர் எங்கே என்று செயலிக்குத் தெரிய வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும். தரைக்கடியில் இருக்கும் இடத்தை எப்படி வரைவது என்ற கேள்விக்கு லண்டன் ஏற்கெனவே ஒரு பெரிய பதில் தந்திருக்கிறது. மின்சுற்று வரைபடங்கள் வரைந்து பழகிய ஹாரி பெக் 1931இல் சுரங்க ரயில் பாதைகளை நேர்க்கோடுகளாகவும் 45 பாகைச் சாய்வுகளாகவும் வரைந்தார். உள்ளே இருப்பவருக்கு மேலே ஆறு எப்படி வளைகிறது என்பது முக்கியமில்லை, எது எதோடு இணைகிறது என்பதுதான் முக்கியம் என்பது அவர் எண்ணம். முதலில் மறுக்கப்பட்ட அந்த வரைபடம் 1933இல் அச்சாகிப் பயணிகளின் சட்டைப்பைக்குள் போனது. இன்று உலகின் மெட்ரோ வரைபடங்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை.

செயலிக்குள் இருக்கும் வரைபடமும் பெக் வரைந்ததன் தம்பிதான். முடிச்சுகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். வாசல் ஒரு முடிச்சு, தடுப்புக் கதவு ஒரு முடிச்சு, படிக்கட்டின் தலையும் காலும் இரண்டு முடிச்சுகள். ஒரு முடிச்சிலிருந்து இன்னொன்றுக்குக் குறைந்த செலவில் போகும் வழியைக் கண்டுபிடிக்கும் முறையை டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாம் காப்பிக் கடை ஒன்றில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில், காகிதம் இல்லாமல் மனத்திலேயே வகுத்தார். 1959இல் அது அச்சில் வந்தது. அந்தக் கணக்கில் ‘செலவு’ என்பது தொலைவாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சக்கர நாற்காலிக்காரருக்குப் படிக்கட்டின் செலவு முடிவிலி என்று வைத்துவிட்டால் செயலி மின்தூக்கி வழியைத் தேடும். வழிகாட்டி நாயோடு வருபவருக்கு நகரும் படிக்கட்டின் செலவைக் கூட்டிவைக்கலாம், ஏனென்றால் அதன் பற்களில் நாயின் பாதம் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே நிலையம் ஆளுக்கு ஆள் வேறு வரைபடமாகிறது.

இவ்வளவும் சேர்ந்து செயலிக்கு ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்று சொல்லும் திறமையைத் தந்துவிட்டது. பொறியாளர்கள் பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று எண்ணினார்கள். என் எண்ணத்தில் பாதி வேலைகூட முடியவில்லை. பிம்லிகோவிலும் யூஸ்டனிலும் நடந்தவற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது பீக்கன்களை அல்ல. என்ன சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்ததைத்தான்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண நடையில் ஒருவர் நொடிக்கு 1.3 மீட்டர் போகிறார். பீக்கனின் அலைகளைச் சேர்த்துச் சராசரி பார்க்கச் செயலிக்கு 2 நொடி வேண்டும் என்று வைப்போம். ‘இடப்பக்கம் திரும்பி நகரும் படிக்கட்டுக்குப் போங்கள்’ என்று குரல் சொல்லி முடிக்க இன்னொரு 3 நொடி. ஆக 5 நொடி, ஆறரை மீட்டர். திருப்பத்தில் நின்றபோது சொல்ல ஆரம்பித்த வாக்கியம் முடிவதற்குள் அவர் திருப்பத்தைத் தாண்டிப் போயிருப்பார். எனவே வாக்கியம் இடத்தை முந்திக்கொண்டு வர வேண்டும், ஆனால் மிகவும் முந்திவிடக்கூடாது; முந்திவிட்டால் அவர் வேறொரு திறப்பில் நுழைந்துவிடுவார். செய்ய வேண்டிய செயல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் நல்லது. தமிழில் இது இன்னும் நுட்பமான சிக்கல். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். ‘நேராகப் போய் முதல் திறப்பில் வலப்பக்கம்’ என்று வினைமுற்று இல்லாமலே நிறுத்திக்கொள்ளும் ஆட்டோ ஓட்டுநரின் வழிசொல்லும் மொழியிலிருந்து தமிழ்ச் செயலி எழுதுபவர்கள் கற்க நிறைய இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்தது, எதைச் சொல்வது. ‘12 மீட்டர் நடங்கள்’ என்றால் யாரும் மீட்டரை எண்ணிக்கொண்டு நடப்பதில்லை. வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவர் சுவரோரமாகக் கோலைத் தட்டிக்கொண்டே போவார். சுவர் முடியும் இடம், தரையின் மேற்பரப்பு மாறும் இடம், கம்பித் தடுப்பு, தூண் எல்லாம் அவருக்குக் கைகாட்டி மரங்கள். வழிகாட்டி நாயோடு போகிறவரின் உலகம் வேறு. நாய் தடைகளைத் தவிர்த்து நடுவழியாகக் கூட்டிப்போகும். கோல்காரர் தொட்டுப் பார்க்கும் தூணை அவர் கடந்துபோனதே தெரியாது. ஆகையால் ‘தூணைத் தாண்டியதும்’ என்ற அறிவுரை ஒருவருக்கு வழி, இன்னொருவருக்கு வெற்றொலி.

பார்வையற்ற பயணி வெறும் காத்திருப்பவர் அல்ல, இடத்தைப் படிப்பதில் அவர் ஒரு வல்லுநர். தடுப்புக் கதவுகள் திறந்து மூடும் ஓசையைக் கேட்டு வரிசை எங்கே என்று அறிவார். நடைபாதையில் ஒரு பக்கம் திறப்பு வந்தால் எதிரொலி மாறுவதைக் காது சொல்லும், காற்று கன்னத்தில் சொல்லும். படிக்கட்டின் இயந்திர முனகல் பத்துப் பதினைந்து மீட்டருக்கு முன்பே கேட்கும். எனவே காதை அடைக்கும் ஹெட்போனைக் கொடுத்து வழி சொல்வது கண்ணைக் கட்டிவிட்டுப் படம் காட்டுவதற்குச் சமம். லண்டன் சோதனையில் எலும்புவழி ஒலி கடத்தும் ஹெட்போன்களைப் பயன்படுத்தினார்கள். அவை காதுக்கு முன்னே கன்ன எலும்பில் ஒட்டிக்கொண்டு அதிர்வாகக் குரலைச் சேர்க்கும், காது நிலையத்துக்குத் திறந்தே இருக்கும்.

இதிலிருந்துதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விடை கிடைக்கிறது. பீக்கனின் பிழை 2, 3 மீட்டர் இருந்தாலும் பரவாயில்லை. அந்த 2, 3 மீட்டரை நிரப்ப மனிதருக்குத் தெரியும், நாம் சரியான பொருளின் பெயரைச் சொன்னால் போதும். ‘முன்னால் நகரும் படிக்கட்டுகள், கீழே போவது வலது ஓரத்தில்’ என்று சொல்லிவிட்டால் மீதியைக் காதும் கோலும் பார்த்துக்கொள்ளும். துல்லியத்தை மேலும் மேலும் கூட்டப் பணத்தைக் கொட்டும் முன், சொல்லைத் திருத்த ஒரு வாரம் அந்தப் பயணிகளோடு நடக்கலாம்.

நகரும் படிக்கட்டு இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பது நிலையாக இருப்பதில்லை. கூட்டத்துக்கு ஏற்ப ஊழியர்கள் திசையை மாற்றலாம், பழுதுபார்க்க நிறுத்தலாம். வரைபடத்தில் எழுதிவைத்த ‘வலப்பக்கம் கீழே’ ஒருநாள் பொய்யாகும். கண் தெரிந்தவர் ஒரு பார்வையில் திருத்திக்கொள்வார். மற்றவருக்கு அது ஆபத்து. எனவே நிலையத்தின் நிகழ்நிலையைத் தெரிந்துகொள்ளாத செயலி, தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லக்கூடாது. ‘நகரும் படிக்கட்டுகள் முன்னால், திசையைக் கைப்பிடியில் தொட்டு அறியுங்கள்’ என்று சொல்வதில் குறை ஒன்றுமில்லை, அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

இந்த அனுபவங்களை வேஃபைண்டர் குழு தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம் என்று ஒரு திறந்த தரமாக வெளியிட்டது. 2017இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதை அடிப்படையாகக் கொண்டு எஃப்.921 என்ற பரிந்துரையை ஏற்றது. ஊருக்கு ஊர் வேறு செயலி, செயலிக்குச் செயலி வேறு மொழி என்றால் ஒருவர் எத்தனை முறைதான் புதிதாகப் பழகுவார்?

டோக்கியோவில் இதே சிக்கலை வேறு முனையிலிருந்து அவிழ்த்தார்கள். ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் சியேகோ அசகாவா 14 வயதில் பார்வையை முழுதும் இழந்தவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர் குழு உருவாக்கிய நாவ்காக் செயலி, பீக்கன்களையும் நான் மேலே சொன்ன துகள் வடிகட்டியையும் சேர்த்துப் பயன்படுத்தியது. 2017இல் நிஹோன்பாஷி பகுதியின் வணிக வளாகங்களிலும் அவற்றை இணைக்கும் சுரங்க நடைபாதையிலும் அதைச் சோதித்தார்கள். அதே நகரின் டோக்கியோ மெட்ரோவோ ரேடியோவையே விட்டுவிட்டது. காரணம், வழி அங்கே ஏற்கெனவே தரையில் பதிக்கப்பட்டிருந்தது.

அந்த மஞ்சள் ஓடுகளை நாமும் அறிவோம். நீளக் கோடு புடைத்திருந்தால் ‘போ’, வட்டப் புள்ளிகள் புடைத்திருந்தால் ‘நில், கவனி’. சென்னை மெட்ரோவின் நடைமேடையில் நம் செருப்படியில் உறுத்தும் அதே ஓடுகளை ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965இல் கண்டுபிடித்தார். 1967 மார்ச் 18 அன்று ஒகாயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். ஓடு வழியைக் காட்டும், ஆனால் பெயர் சொல்லாது. பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கக் கோடு கழிப்பறைக்கா, வாசலுக்கா என்று கால் எப்படி அறியும்?

அந்த இடத்தில் ஒரு க்யூஆர் குறியை ஒட்டினார்கள். ‘ஷிகாய்’ என்ற செயலி 2021இல் டோக்கியோ மெட்ரோவின் 5 நிலையங்களில் தொடங்கியது. பயணி கைபேசியின் கேமரா தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ஓட்டின்மேல் நடக்க, குறி வந்ததும் அடுத்த வழியையும் தொலைவையும் குரல் சொல்லும். இதன் அழகு எளிதில் கண்ணுக்குப் படாது. பீக்கன் நாம் எங்கே இருக்கிறோம் என்று மட்டுமே சொல்லும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று சொல்லாது. 1994இல் டென்சோ நிறுவனத்தின் மசாஹிரோ ஹாரா வடிவமைத்த க்யூஆர் குறியில் நான்கு மூலைகளில் மூன்றில் மட்டும் பெரிய சதுரங்கள் உண்டு. நான்காவது மூலையில் அந்தச் சதுரம் இல்லாததால் குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேமரா உடனே அறியும். எனவே ஒரே பார்வையில் இடமும் கிடைக்கிறது, திசையும் கிடைக்கிறது. எஃகுத் தூண்களும் ரயிலின் மின்னோட்டமும் குழப்பிய திசையை ஒரு சிறு ஒட்டுத்தாள் தெளிவாக்கிவிடுகிறது. ஆனால் ஒரு கையில் கோல், இன்னொரு கையில் கைபேசி என்றால் கம்பியைப் பிடிக்கக் கை மிஞ்சாது. தீர்வுகள் இப்படித்தான் ஒன்றைத் தந்து இன்னொன்றை வாங்கிக்கொள்கின்றன.

ஸ்பெயினில் உருவான நாவிலென்ஸ் குறிகள் பளிச்சென்ற பல நிறச் சதுரங்களால் ஆனவை. கேமராவைச் சரியாகக் குறிபார்க்கத் தேவையில்லை, தூரத்திலிருந்தே நடந்துகொண்டே படிக்கலாம். பார்சிலோனாவிலும் நியூயார்க்கிலும் இவற்றைப் பொருத்தியிருக்கிறார்கள்.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: யார் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? பீக்கன் முறையில் நிலையம் பேசுகிறது, கைபேசி கேட்கிறது. வரைபடமும் கணக்கும் கைபேசிக்குள்ளேயே இருந்தால், நீங்கள் வந்ததே நிலையத்துக்குத் தெரியாது. இணையம் இல்லாமலும் அது இயங்கும். சுரங்கத்தில் அது பெரிய வசதி. வைஃபையில் இது தலைகீழாகவும் நடக்கலாம். 2016 நவம்பர், டிசம்பரில் லண்டன் போக்குவரத்துக் கழகம் 54 நிலையங்களில் நான்கு வாரம், வைஃபையைத் தேடி அழைத்த கைபேசிகளின் அடையாளங்களை மறைகுறியாக்கிச் சேகரித்தது. 56 லட்சம் கருவிகளிலிருந்து 50 கோடிக்கும் மேற்பட்ட தடயங்கள். கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்கு மக்கள் குறைந்தது 18 வெவ்வேறு வழிகளில் போகிறார்கள் என்று அப்போதுதான் தெரியவந்தது. கூட்டத்தைச் சமாளிக்க இது மிகவும் பயனுள்ள அறிவு, நிலையச் சுவரில் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் பயணி வழி கேட்பதும் பயணியின் வழியை நிலையம் குறித்துக்கொள்வதும் ஒன்றல்ல. வழி தெரிய வேண்டும் என்பதற்காகத் தன் நடமாட்டத்தைக் கொடுக்க வேண்டிய நிலைக்கு, மாற்று வழியே இல்லாத ஒருவரைத் தள்ளக்கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

புதிய கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. 2024இல் வெளியான ப்ளூடூத் 6.0, அலையின் பலத்தை நம்பாமல் அலையின் கட்டத்தையும் பயண நேரத்தையும் அளந்து தொலைவு கணிக்கும் முறையைச் சேர்த்திருக்கிறது. நடுவே வந்து நிற்பவர் அலையை விழுங்கினாலும் அது வர எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவாக மாறாது. எனவே 4 மீட்டர் 12 மீட்டராகத் தோன்றும் பிழை குறையும்.

பேட்டரி மட்டும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். பீக்கன் அணைந்தால் எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. வழக்கமாகக் குரல் வரும் மூலையில் ஒருநாள் குரல் வராது, அவ்வளவுதான். அங்கே நின்று காத்திருப்பவருக்குத் தான் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமா, பெட்டி செத்துவிட்டதா என்று தெரியாது. அதனால் எந்தப் பீக்கன் எந்தத் தேதியில் பொருத்தப்பட்டது, எப்போது மாற்ற வேண்டும் என்ற பேரேடும் இந்தத் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதி. கடைசி ரயில் போய், மின்சாரம் நிறுத்தப்பட்டு, விடியலில் முதல் ரயில் வருவதற்கு முன் உள்ள அந்தச் சில மணி நேரத்தில் யாரோ ஒருவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடைமேடைக்கு வர வேண்டும். மேலே ஏறி, மூடியைத் திருகி, பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, கையிலிருக்கும் கைபேசியில் அந்த எண் மறுபடி மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஏணியை அடுத்த தூணுக்கு நகர்த்த வேண்டும்.